ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத கட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளத்தூரில் பலகாரம் செய்து பிழைக்கிறவள் நான். கல்யாண வீடுகளுக்கு மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம், கைமுறுக்கு போட்டுக் கொடுப்பது 22 வருஷமாக என் தொழில். பத்திரிகைகளிலும் செல்போனிலும் வருகிற வாகன ஏல அறிவிப்புகளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஒரு வேனை நேரில் பார்க்காமல் ஏலத்தில் எடுத்து, நாலு மாசமாக அதை ரோட்டில் இறக்க முடியாமல் நிற்கிறேன். அந்த அறிவிப்பில் நாலு வரி கூடுதலாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

எதற்கு வேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும். கல்யாணம், அறுபது வயது நிறைகிற சாந்தி, முன்னோருக்குச் செய்கிற படைப்பு என்று வந்தால்தான் திறப்பார்கள். முகப்பும், உள்முற்றத்தைச் சுற்றின வளவும் ஜமுக்காளம் விரித்து ஜேஜே என்று இருக்கும். நாங்கள் முதல்நாள் மத்தியானமே பின்கட்டில் அடுப்பு மூட்டிவிடுவோம். ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்தால், மாவு மூட்டை வந்த சாக்கை விரித்து அங்கேயே சாய வேண்டியதுதான். ஐந்து மணிக்கு மறுபடி அடுப்பு. சேலை மாற்ற மறைவிடம் கிடைக்காது. என்னோடு வருகிற ஆறு பெண்களில் இரண்டு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு முழங்கால் வலி. தரையில் படுத்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். வீட்டுக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அவர்கள் வீட்டு ஆட்களே படுக்க இடம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இந்த நிலையில்தான் என் நாத்தனார் மகன் செல்போனில் ஒரு வேனைக் காட்டினான். கடன் கட்டாததால் பறிமுதலான வண்டி. 2012 மாடல் டிராவலர். இருக்கைகளை எல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் நீளக் கட்டில், நடுவில் மடக்கு மேஜை, பின்மூலையில் சின்ன சிங்க், அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்கு மெரூன் கலர் திரை. யாரோ குடும்பத்தோடு கோயில் குளம் போய்வர ஆசையாகச் செய்திருக்கிறார்கள். "ரெண்டு ரெண்டு பேரா மாத்தி மாத்திக் காலை நீட்டிப் படுக்கலாம் அத்தை" என்றான். எனக்கு அந்த முழங்கால்வலிக்கார அம்மாவின் முகம்தான் கண்ணில் வந்தது.

ஏலத்தில் கலந்துகொள்ள 20,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். வண்டி நிற்கிற இடம் சென்னைக்கு வெளியே ஒரு யார்டு. வேலை நாளில் காலை பத்திலிருந்து நாலு மணிக்குள் போய்ப் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. இங்கிருந்து 400 கிலோமீட்டர் இருக்கும். அப்போது ஆவணி மாசம். அந்த வாரத்தில் மட்டும் எனக்கு மூன்று கல்யாணம். போகவில்லை. அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஏலம் செல்போனிலேயே நடந்தது. 1,80,000-இல் ஆரம்பித்தது. முடியப்போகிற நேரத்தில் யாராவது விலை ஏற்றினால் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும். நான் அதிரச மாவைக் கையில் தட்டிக்கொண்டிருந்தேன். அவன் "ஏத்தட்டுமா அத்தை, ஏத்தட்டுமா" என்று கேட்கக் கேட்கத் தலையை ஆட்டினேன். 2,65,000-இல் எங்கள் பேரில் நின்றது. மிச்சப் பணத்தை ஐந்து நாளில் கட்டாவிட்டால் முன்பணம் போச்சு. அதற்குப் பிறகும் வண்டியை எடுக்காவிட்டால் நாள் வாடகை. சீட்டுப் பணம் கொஞ்சம், வளையல் இரண்டை அடகு வைத்தது கொஞ்சம் என்று கட்டி முடித்தேன்.

நிபந்தனைகள் ஒன்பது பக்கம், அத்தனையும் ஆங்கிலத்தில். கடைசியில் சம்மதம் என்று ஒரு பொத்தான். அந்த ஒன்பது பக்கத்தின் சாரத்தை நாத்தனார் மகன் படித்துச் சொன்னான்: எங்கே இருக்கிறதோ அங்கே, எப்படி இருக்கிறதோ அப்படியே. சரி, பழைய வண்டி, டயர் தேய்ந்திருக்கும், பேட்டரி போயிருக்கும் என்று 60,000 ரூபாய் தனியாக ஒதுக்கி வைத்தேன். வண்டியின் காகிதங்களுக்கும் அதே பேச்சுத்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று, முடிந்த வண்டியை ஓட்டி வரக் கூடாது. அதனால் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம்; அதற்கு 24,000. பேட்டரி இல்லை. ஸ்டெப்னியும் இல்லை. காரைக்குடியிலிருந்து எனக்குத் தெரிந்த மெக்கானிக் வந்தார். வேறு பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பியதும் மூன்றாவது தடவையில் என்ஜின் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, அப்புறம் தெளிந்துவிட்டது. பென்ஸ் கம்பெனியின் வடிவமைப்பை உரிமம் வாங்கி இங்கேயே செய்த 2.6 லிட்டர் டீசல் என்ஜின் அது. பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருஷம் ஓடும் என்றார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு அவர் உள்ளே ஏறி, சிங்குக்குக் கீழே தரையில் ஒட்டியிருந்த ரெக்சினை ஓரத்தில் பிடித்துத் தூக்கினார். அடியில் பிளைவுட். ஊறிப்போய் ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது. அதற்கும் அடியில் வண்டியின் இரும்புத் தகடு. ஸ்குரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினார், அவ்வளவுதான், அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது. ஓட்டை வழியாக எங்கள் வாசல் செம்மண் தெரிந்தது. சிங்க்கிலிருந்து போகிற குழாய் எத்தனை வருஷம் தகட்டின்மேல் ஒழுகியதோ. இருக்கைகளைக் கழற்றிய போல்ட் ஓட்டைகள் ஒன்றையும் அடைக்கவில்லை. மழைத் தண்ணீர் அது வழியாகவும் ஏறியிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் விளக்குக்கும் விசிறிக்கும் போகிற ஒயரைப் பியூஸ் இல்லாமல் நேராகப் பேட்டரிக்கு இழுத்திருந்தார்கள். இரண்டு ஒயர் சேருகிற இடத்தில் சுற்றிய கறுப்பு டேப் சூட்டில் உருகி, மேலே இருந்த பலகையில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி பிடித்திருந்தது. கேஸ் சிலிண்டரும் எண்ணெய் டின்னும் ஏற்றி, ராத்திரி ஆறு பெண்களை உள்ளே வைத்திருக்க நினைத்த வண்டி. அந்தக் கரியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டேன்.

கடையில் ஒரு இருப்புச்சட்டி வாங்கினால்கூட நான் கவிழ்த்துப் பார்ப்பேன், சுண்டிப் பார்ப்பேன், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்க வருகிறவர்களைப் பாருங்கள். தூணை நகத்தால் கீறிப் பார்ப்பார்கள், எனாமல் தூக்கைத் திருப்பி அடியில் முத்திரை தேடுவார்கள். எனக்குக் காட்டிய 11 படங்களில் ஒன்றுகூட வண்டிக்கு அடியிலிருந்து எடுத்ததில்லை. மெரூன் திரையை மட்டும் மூன்று படத்தில் காட்டியிருந்தார்கள்.

தகரம் போனால் போகட்டும். வெட்டி ஒட்டிவிடலாம், 70,000 ஆகும் என்று பட்டறையில் சொன்னார்கள். பெரிய இடி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில்தான் விழுந்தது. ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் அது மேக்சி கேப். டிரைவர் நீங்கலாக 12 பேர் உட்காரும் வண்டி. கட்டில், சிங்க், மேஜை எதற்கும் அதில் ஒரு எழுத்து இல்லை. ஆய்வாளர் பொறுமையாகத்தான் விளக்கினார். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றிக் கட்டக் கூடாதாம். 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதைத் திட்டமாகச் சொல்லியிருக்கிறதாம். இப்போது உள்ளபடி கொண்டுவந்தால் எஃப்.சி. கொடுக்க முடியாது, 12 இருக்கையையும் பழையபடி மாட்டிக் கொண்டுவாருங்கள், வேறு வகைக்கு மாற்ற வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, எதற்கு அனுமதி உண்டோ அதை மட்டும் செய்யுங்கள் என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. அந்தக் கரி பிடித்த பலகையைப் பார்த்தவளுக்கு, இந்தச் சட்டம் எதற்கு இருக்கிறது என்று புரியும்.

பேர் மாற்றும் 29, 30-ஆம் எண் படிவங்களும், கடன் நீங்கியதற்கான 35-ஆம் எண் படிவமும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வரி பாக்கி ஏழு காலாண்டுக்கு நின்றது, அபராதம் வேறு. வாங்கினவர் தலையில்தான் அது விழும் என்பது அந்த ஒன்பது பக்கத்தில் எங்கோ இருந்ததாம்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். வங்கியோ நிதி நிறுவனமோ யாராக இருந்தாலும் சரி, பறிமுதல் செய்த வண்டியை ஏலம் விடும்போது அறிவிப்பிலேயே தமிழில் இதைப் போட வேண்டும்: ஆர்.சி.யில் வண்டி என்ன வகை, எத்தனை இருக்கை, எஃப்.சி. எந்தத் தேதியோடு முடிந்தது. வரி எதுவரை கட்டியிருக்கிறது. வண்டியில் செய்திருக்கிற மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா இல்லையா. இதற்காக யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வண்டியின் காகிதங்கள் ஏலம் விடுகிறவர் மேஜையில்தான் இருக்கின்றன. பார்த்து எழுதக் கால் மணி நேரம் ஆகுமா? அடிப்பக்கத்தைக் காட்டும் இரண்டு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? எண் பலகையின் மேல் வெள்ளைப் பட்டை ஒட்டிப் படம் போடுவதையும் நிறுத்த வேண்டும். முழு எண் தெரிந்திருந்தால், அரசாங்கத்தின் எம்-பரிவாகன் செயலியிலேயே வண்டியின் வகையும் எஃப்.சி. தேதியும் பார்த்திருக்கலாம். நாத்தனார் மகனுக்கு அதைப் பார்க்கத் தெரியும். கடைசி நாலு இலக்கத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

யார்டை ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஏலத்தில் பழைய வண்டி எடுக்கிறவர்களில் என்னைப் போல அன்றாடம் வேலை செய்து பிழைக்கிறவர்கள் நிறைய. நாள் கூலியை விட்டுவிட்டு வெளியூர் போவது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆனாலும், இதைப் படிக்கிற யாராவது ஏலத்துக்குப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், ஒரு மெக்கானிக்குக்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் சார்ஜும் கொடுத்து முதலில் அனுப்பிவையுங்கள். உள்ளே மாற்றிக் கட்டிய வண்டியாக இருந்தால் தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்தில் விரலை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். எனக்கு அது எல்லாம் சேர்த்து 5,000 ரூபாயில் முடிந்திருக்கும்.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. கட்டிலைக் கழற்றும்போது பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு குழந்தையின் தலைக்கிளிப்பும், பழனி விபூதிப் பொட்டலம் ஒன்றும் கிடந்தன. விபூதியை எடுத்துச் சாமி அறையில் வைத்தேன். அந்தக் குடும்பமும் இந்த வண்டியை ஆசைப்பட்டுத்தான் கட்டியிருக்கும். மாற்றிக் கட்டிக் கொடுத்த பட்டறைக்காரர், முன்னாடியே அனுமதி கேளுங்கள் என்று அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்.

தகர வேலை போன வாரம் முடிந்தது. ஒயர் முழுவதையும் பிடுங்கி எறிந்தாகிவிட்டது. பழைய இருக்கை திருச்சியில் ஒரு இடத்தில் எட்டு கிடைத்தது, இன்னும் நாலு வேண்டும். 12 இருக்கையோடு எஃப்.சி. வாங்கிவிட்டால், தை முகூர்த்தங்களுக்கு இந்தப் பெண்களைப் பஸ்ஸுக்கு நிற்க வைக்காமல் உட்காரவைத்தாவது கூட்டிப் போவேன். படுக்கைக்கு அனுமதி கிடைக்க வழி இருக்கிறதா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். கழற்றிய கட்டில் பலகைகளில் கரி பிடித்ததைத் தவிர மற்றதைத் திண்ணையில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பலகாரம் செய்யும் வாசகி,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.