காரணத்தை மட்டும் எழுதித் தாருங்கள்: கிளப் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

என் உறுப்பினர் விண்ணப்பத்தை இரண்டாவது முறையும் நிராகரித்து நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. மொத்தமே ஒன்றரை வரி. வருத்தம் தெரிவித்திருக்கிறீர்கள், காரணம் தெரிவிக்கவில்லை. இரகசிய வாக்கெடுப்பில் ‘இவர் வேண்டாம்’ என்பதற்கு அடையாளமாகப் பெட்டிக்குள் போடும் கறுப்பு உருண்டைகள், அதாவது கறுப்புக் குண்டுகள், எத்தனை விழுந்தன என்று நான் கேட்கவில்லை. ஒன்றே போதும் என்பது உங்கள் விதி. ஏன் விழுந்தது என்றுதான் கேட்கிறேன்.

எட்டு வருடமாக உங்கள் உறுப்பினர் ஒருவரின் விருந்தினராக டென்னிஸ் ஆட வருகிறேன். ஒவ்வொரு முறையும் வாசல் பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். சரி, விதி. ஆட்டம் முடிந்து தேநீர் குடிப்போம். அதற்கும் அவர் கையெழுத்துதான். விருந்தினரிடம் பணம் வாங்க மாட்டார்கள். நான் ஜெயித்த நாளும் அவர் கணக்கு, தோற்ற நாளும் அவர் கணக்கு. ஒருமுறை அவர் கை கழுவப் போன நேரம் பார்த்துப் பணத்தை நீட்டினேன். பரிமாறுபவர், பாவம், வேலைக்குப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எட்டு வருடப் பழக்கத்தில் நண்பனுக்கு ஒரு கோப்பை தேநீர் நான் வாங்கித் தந்ததில்லை. இப்போதெல்லாம் தாகமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.

என்னோடு விண்ணப்பித்த மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களையும் முன்மொழிந்தவர் இதே நண்பர்தான். எங்களுக்குள் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் தோலின் நிறம் ஒன்றுதான். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால், சரியான காரணத்தை எழுதுங்கள்.

தனியார் கிளப், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்பீர்கள். உண்மைதான், நிறப் பாகுபாட்டைத் தடை செய்த அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைச் சட்டமே தனியார் கிளப்புகளுக்கு விலக்குக் கொடுத்தது. பிரிட்டனில் ஒரு சீக்கியரைச் சேர்க்க மறுத்த கிளப், 1973இல் உச்சபட்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தது. ஆனால் 1976இல் சட்டத்தையே மாற்றி, 25 பேரோ அதற்கு மேலோ உள்ள கிளப்புகள் நிறம் பார்க்கக் கூடாது என்றார்கள். அலபாமாவின் ஷோல் கிரீக் கோல்ஃப் கிளப்பில் 1990 வரை கறுப்பின உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அந்த ஆண்டு அங்கே நடக்கவிருந்த போட்டியின் ஒளிபரப்பிலிருந்து விளம்பரதாரர்கள் விலகியதும், அத்தனை காலம் அகப்படாத தகுதியான ஆள் சட்டென்று அகப்பட்டுவிட்டார். கௌரவ உறுப்பினராக!

அப்புறம், உங்கள் ஆண்டு மலரைப் பார்த்தேன். ‘அனைவருக்குமான கிளப்’ என்ற தலைப்புக்குக் கீழே மட்டையோடு சிரிப்பவன் நான்தான். அந்தப் படத்துக்கு யார் கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டார்கள்?

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் குண்டு ஒருவரைத் தள்ளிவிடும் விதியை அடுத்த பொதுக்குழுவில் விவாதத்துக்கு எடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் எனக்குச் சேர வேண்டிய காரணத்தை எழுத்தில் அனுப்புங்கள். ஒன்றரை வரி போதும்.

இப்படிக்கு,
உங்கள் விருந்தினர் பதிவேட்டில் எட்டு வருடமாக இருப்பவன்