கோட்டை வழியா மலைக்குப் போற சனத்துக்கு அந்த இடத்தின்ட கதையைச் சொல்ல ஒரு ஏற்பாடு வேணும்

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,
மாவட்டச் செயலகம், திருகோணமலை.

ஐயா, கோணேசர் மலைக்குப் போற எல்லாரும் பிரெட்ரிக் கோட்டை வாசலால தான் போறாங்க, ஆனா முக்காவாசிப் பேர் கோட்டைக்குள்ள திரியிற மானுக்குப் பக்கத்தில நிண்டு போட்டோ எடுத்திட்டு, கோயிலைக் கும்பிட்டு, இராவணன் வெட்டு எண்ட மலைப் பிளவை எட்டிப் பாத்திட்டு அப்பிடியே இறங்கிடுறாங்க. தாங்கள் நடந்து வந்தது என்ன இடமெண்டு ஆருக்கும் தெரியுறதில்ல.

வாசல் கல்லில இரட்டை மீனும் பழைய தமிழ் எழுத்தும் இருக்கு. 1622இல போர்த்துக்கேயர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லுகளையே எடுத்து 1624இல கோட்டை கட்டினதால தான் கோயில் கல்லு கோட்டை வாசலுக்கு வந்தது, அதை நிண்டு பாக்கிற ஆக்கள் குறைவு. பிறகு 1639இல ஒல்லாந்தர் பிடிச்சாங்க, 1782இல ஒரே வருசத்துக்குள்ள ஆங்கிலேயர்ட்ட போய் பிரெஞ்சுக்காரர்ட்டயும் போச்சு, 1795இல திரும்ப ஆங்கிலேயர்ட்ட வந்து 1803இல தான் பிரெட்ரிக் கோட்டை எண்ட பேரே வந்தது. ரெண்டாம் உலக யுத்தத்திலயும் இஞ்ச கரையோரப் பீரங்கி இருந்தது. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போட்டதை எங்கட வயசு போன ஆக்கள் சொல்லித்தான் நாங்க அறிஞ்சம், இனி வாற பிள்ளையளுக்கு ஆர் சொல்றது?

நாங்க கேக்கிறது பெரிய செலவுக்காரியம் இல்ல. தொல்பொருள் திணைக்களத்தோடயும் இராணுவத்தோடயும் நீங்க கதைச்சு, சனி ஞாயிறில வாசல்ல இருந்து மலை உச்சி வரைக்கும் ஒரு கைட்டோட நடந்து பாக்கிற ஏற்பாட்டைச் செய்து தாங்க, தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூண்டிலயும் விளக்கம் இருக்கட்டும், கைட் வேலைக்கு இந்த ஊர்ப் பொடியன் பெட்டையளையே பயிற்சி குடுத்து எடுக்கலாம். இராணுவம் இருக்கிற இடம் எண்டதால ஏலாதெண்டு தயவு செய்து விட்டிடாதீங்க, இதே ஊரில இருக்கிற மற்றப் பழைய கோட்டையான ஒஸ்டன்பேர்க் பக்கம் கடற்படைத் தளத்துக்குள்ளயே ஹூட்ஸ் டவர் மியூசியத்தைச் சனம் பாக்குது தானே. போகக் கூடாத பகுதியை இராணுவமே கோடு போட்டுக் காட்டட்டும், அதை மதிச்சு நடப்பம்.

அதோட மதில்ல பேர் கிறுக்கிறதையும், மான் திங்கிற இடத்தில பொலித்தீன் போடுறதையும் கைட் கூட நிண்டா அந்த இடத்திலயே தடுக்கலாம்.

இதைப் பற்றி நேரில கதைக்க ஒரு திகதி தந்தா வந்து சந்திப்பம் ஐயா.

இப்படிக்கு,
திருகோணமலை நகர மக்கள்