ஹடர்ஸ்ஃபீல்டில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

இந்த ஞாயிறும் போன் அடித்து அடித்து நின்றுவிட்டது. வேலை இருந்திருக்கும், சரி. அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறதாம். காதை மூடிக்கொண்டு வெளியே போ. நேரத்துக்குச் சாப்பிடு.

கோயிலில் ஒரு மாமி, எஞ்சினியர் வேலையை விட்டுக் கணக்கு வாத்தியாருக்குப் படிக்கப் போய்விட்டானா என்று வாயைப் பிளந்தாள். பிள்ளைகளுக்கு விளங்கும்படி கணக்குச் சொல்ல எல்லாராலும் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்காவும் ஏதோ சொன்னாள். அதைக் கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை.

நேற்று அப்பா ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் 2014 இறுதியாட்டத்தைத் திரும்பவும் போட்டுவிட்டார். முதல் மோதலிலேயே சவுத் சிட்னி அணியின் சாம் பர்ஜெஸுக்குக் கன்ன எலும்பு உடைகிறது; அப்படியே கடைசி வரை ஆடுகிறான். அந்த அணிக்கு 43 வருடத்துக்குப் பிறகு கோப்பை. நீ போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினாரே! அதோடு அவன் ரக்பி யூனியன் ஆட இங்கிலாந்துக்குப் போனபோது உனக்கு வந்த கோபம்! பிறகு நீயும் அந்த நாட்டுக்குத்தான் போனாய்.

எனக்கு இரண்டு ஆட்டமும் ஒன்றுதான். நீதான் படம் கீறிக் காட்டினாய். லீக்கில் 13 பேர், பந்து வைத்திருப்பவனை ஆறு தரம் பிடித்து விழுத்தினால் பந்து மற்றப் பக்கம் போய்விடும். யூனியனில் 15 பேர், ஆள் விழுந்த பிறகும் பந்துக்கு அடிபிடி. சின்ன வயதிலிருந்து ஒன்றில் ஊறினவன் மற்றதைப் பழக நாள் வேண்டாமா? அவன் சேர்ந்த பாத் என்ற யூனியன் கிளப் அவனைக் கடைசியில் ஃபார்வர்டாக, முன்னால் நின்று முட்டித் தள்ளுகிற ஆளாக, ஆக்கியது. இங்கிலாந்து அணியோ 12ஆம் எண்ணைக் கொடுத்து சென்டரில், பின்வரிசை நடுவில், நிறுத்தியது. போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் 2015 உலகக் கோப்பை. வேல்ஸோடு ஆடியபோது அவன் வெளியே வரும்வரை இங்கிலாந்துதான் முன்னால்; பிறகுதான் 25-28 என்று தோற்றார்கள். சொந்த மண்ணில் முதல் சுற்றோடு வெளியேறினதற்கு அவன் தலையைத்தான் உருட்டினார்கள். ஆளுக்கொரு இடத்தில் நிறுத்தினவர்களை யார் கேட்டது?

மூன்று வருட ஒப்பந்தத்தில் ஒரு வருடம் சொச்சம்தான் இருந்தான். பயந்து ஓடினான் என்றார்கள். சொல்லட்டும். 2016இல் சவுத் சிட்னிக்கே திரும்ப ஆடினான், அங்கே ஒருவரும் அவனைக் குறைவாகப் பார்க்கவில்லை. தோள் விட்டுப்போய் 2019இல் நிறுத்தினான். பிறகு இங்கிலாந்துக்கே போய் 2024இல் வாரிங்டன் என்ற லீக் அணிக்குப் பயிற்சியாளரானான்.

அவன் ஊர் டியூஸ்பரி உனக்குக் கிட்டத்தானே? தகப்பன் 2007இல் நோயில் போகும்போது அவனுக்கு 18 வயது. பிறகு நாலு பிள்ளைகளும் சிட்னியில் ஒரே அணிக்கு ஆடினார்கள். நாலு பேரும் ஒரே ஊரில். எனக்கு இருப்பது நீயும் அக்காவும்தான்.

போன புதிதில் எவ்வளவு நீளமாக எழுதினாய்! 1895இல் உங்கள் ஊர் ஜார்ஜ் ஹோட்டலில் கூடித்தான் வடக்குக் கிளப்புகள் யூனியனை விட்டுப் பிரிந்து போயின, லீக் அப்படித்தான் பிறந்தது, ஆட்டத்துக்கு வந்து கூலியை இழந்த சுரங்கக்காரருக்கும் ஆலைக்காரருக்கும் காசு கொடுக்கக் கேட்டுத்தான் அந்தச் சண்டை என்று எல்லாம் எழுதினாய். இப்போது ஒரு ‘ம்’ வருகிறது. அதுவும் அக்காவுக்கு.

பள்ளிக்கூடத்தில் உனக்கு மேலே இருப்பவர்கள் ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்களா? காலையில் எழும்பிப் போகிறாய்தானே?

உன் அறையில் அப்பா அரிசி மூட்டையையும் என் தையல் மெஷினையும் வைத்திருக்கிறார். அரை நாளில் எடுத்துவிடலாம். நான் வா என்று சொல்லவில்லை. படிப்பை முடித்துவிட்டு வந்தாலும் சரிதான். முடிக்காவிட்டால் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஞாயிறு உனக்குக் காலை பத்து மணிக்கு எடுப்பேன். அப்பா பக்கத்தில் இருக்க மாட்டார். சாப்பிட்டுவிட்டுப் பேசு.

அம்மா