வாசலில் ஒட்டிக்கொள்ளும் கால்கள்: பினாங்குக் கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கில் கோயில் நடத்தும் நிர்வாகத்தினருக்கும், வரிசையைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். சன்னிதிக்குப் போகும் வாசலுக்கு முன்னால், தரையில் நிறம் எடுப்பாகத் தெரிகிற மாதிரி சில பட்டைகள் ஒட்ட முடியுமா? நடக்கிற திசைக்குக் குறுக்காக, எடுத்து வைக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் ஒன்று. அவ்வளவுதான். ஏன் என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். வெளிப் பிராகாரத்தில் நன்றாகத்தான் நடப்பார், ஆனால் குறுகலான வாசல் வந்ததும் இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். போன திருவிழாவில் ஒரு கோயிலில் (எது என்று சொல்லப்போவதில்லை, எங்கேயும் நடக்கக்கூடியதுதான்) அப்படி நின்றபோது, பின்னால் வரிசை நீளுகிறதே என்று ஒரு தம்பி கையைப் பிடித்து இழுத்தார். உடம்பு முன்னால் போனது, கால் வரவில்லை. முட்டி பெயர்ந்ததுகூடப் பரவாயில்லை, "காலையிலேயே போட்டுட்டு வந்திருக்காரு" என்று யாரோ சொன்னதுதான் அப்பாவுக்கு ஆறவில்லை. அந்த மனிதர் பீர் வாசம்கூட அறியாதவர்.

கால் நிற்பதற்குக் காரணம் காலில் இல்லை, மூளையில். டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் மூளையின் அடிப்பகுதியில் இருக்கின்றன, இந்த நோயில் அவை கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. நடப்பது, திரும்புவது, கை வீசுவது எல்லாம் நமக்கு யோசிக்காமலே நடக்கிறதே, அந்தத் தானியங்கித்தனம்தான் போய்விடுகிறது. அசைவு மெதுவாகும், தசை விறைக்கும், எட்டு சிறுக்கும், குரல் இறங்கும், முகத்தில் பாவனைகூடக் குறையும். சாமி கும்பிடும்போது அப்பா உம்மென்று இருப்பது கோபத்தில் இல்லை. நடுக்கம் எல்லாருக்கும் வருவதில்லை, வந்தாலும் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம். அர்ச்சனைத் தட்டை வாங்க நீட்டும்போது சற்று அடங்கும், அதைப் பார்த்து "நடிக்கிறார்" என்று நினைப்பவர்களும் உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், சமதரையில் ஒட்டிக்கொள்ளும் அதே கால் படிக்கட்டில் சரளமாக ஏறும். தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்பா கொஞ்ச தூரம் ஏறுவதைப் பார்த்தவர்கள், வாசலில் அவர் கால் ஒட்டிக்கொள்கிறது என்றால் நம்பமாட்டார்கள். தானாக வராத எட்டை, கண்ணுக்குத் தெரிகிற ஒரு விளிம்போ கோடோ கிளப்பிவிடுகிறது. தாளத்துக்கும் அந்தச் சக்தி உண்டு. உறுமி மேளம் காதில் விழுந்தால் அப்பாவின் நடை சீராகிவிடும். பட்டை ஒட்டச் சொல்வது இதற்காகத்தான், என் கற்பனை இல்லை, பிசியோதெரபியில் சொல்லித்தரும் முறைதான்.

அப்புறம், நின்றுவிட்டவரை இழுக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். அவசரம் கூடினால் கால் இன்னும் இறுகும். பக்கத்தில் நின்று "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுங்கள், இல்லையென்றால் அவர் பாதத்துக்கு முன்னால் உங்கள் பாதத்தைக் குறுக்கே வைத்து, தாண்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் கிளம்பிவிடுவார்.

அன்னதானத்தைப் பற்றியும் ஒன்று. இந்த நோய்க்கு முக்கிய மருந்து லெவோடோபா. டோபமினை அப்படியே மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, லெவோடோபா நுழைந்து அங்கே டோபமினாக மாறும். வழியிலேயே மாறிக் குமட்டலைக் கிளப்பிவிடாமல் இருக்க பென்செராசைடோ கார்பிடோபாவோ சேர்த்துத்தான் தருகிறார்கள். நோயை அது குணமாக்காது, அழிந்த செல் திரும்பாது, ஆனால் மருந்து பிடித்திருக்கும் நேரத்தில் அப்பா தானே வேட்டி கட்டுவார். வருடங்கள் போகப் போக ஒவ்வொரு வேளை மருந்தும் தாங்கும் நேரம் குறைகிறது, அதனால் நேரம் தவறக்கூடாது. சிலருக்கு மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தன்னையறியாமல் நெளியும், அதுவும் குடி இல்லை. மூளையில் மெல்லிய கம்பி வைத்து மின்தூண்டல் கொடுக்கும் சிகிச்சையும் இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் பொருந்தாது.

பருப்பு, தயிர் போன்ற புரதச் சாப்பாடு குடலில் இந்த மருந்தோடு போட்டி போடும். அதனால் அப்பா மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் இலையில் உட்காருவார். பந்தி முடிந்த பிறகு ஒருவர் வந்து தயங்கி நின்றால், "நேரத்துக்கு வரக்கூடாதா" என்று கேட்காமல் ஒரு இலை போடுங்கள். மாத்திரை போட முன்கூட்டியே தண்ணீர் கேட்டால் கொடுங்கள்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குப் பல கோயில்களில் தனி வழி விடுகிறீர்கள், அதற்கு நன்றி. நடந்து வந்து நடுவில் நின்றுவிடுபவர்களுக்கும் அந்த வழியைத் திறந்துவிடுங்கள், ஓக்கேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) இருக்கிறதா என்று வாசலில் விசாரணை வைக்காமல். பட்டை வாங்கும் செலவு என்னுடையது, சனிக்கிழமை காலையில் வந்து நானே ஒட்டித் தருகிறேன். எந்த நிறம், எந்த வாசல் என்று மட்டும் சொல்லுங்கள்.