வலையைக் கடிக்கும் எலி தீவுக்கு எப்படிப் போனது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்தி எதையும் நான் விடுவதில்லை. பவளப்பாறை, கடற்பசு, மணல் அரிப்பு என்று நிறைய வருகிறது. எலியைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட வந்து நான் பார்த்ததில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964-ல் பிறந்தவன் நான். மண்டபம் பக்கத்தில் நாட்டுப்படகில் முப்பத்தைந்து வருடம் தொழில் பார்த்தேன். முழங்கால் தேய்ந்த பிறகு கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறேன். எலியோடு தினமும் வழக்குதான். நண்டு வலையில் ஒடிந்த கால் ஒன்று சிக்கியிருந்தால் போதும், அந்த வாசத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாக வந்து நைலான் நரம்பைக் கடித்துக் குதறிவிடும். போன வாடைக் காலத்தில் ஒரே வாரத்தில் மூன்று வலை போயிற்று.

ஆனால் நான் எழுத வந்தது கரை எலியைப் பற்றி அல்ல. 1986-ல் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவிப்பதற்கு முன்னால், காற்று மாறினால் தீவில் ஒதுங்கிச் சோறு பொங்கித் தின்போம். அப்படி மனோலித் தீவில் தங்கிய ஒரு ராத்திரி, எங்கள் அரிசிப் பையை எலி ஓட்டை போட்டுவிட்டது. சுற்றிலும் தண்ணீர், இங்கே எலி எப்படி வந்தது என்று கேட்டேன். "நம்ம வத்தையிலதாண்டா வந்திருக்கும்" என்றார் அப்பா. வத்தை என்றால் எங்கள் நாட்டுப்படகு. பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. புயலில் அடித்து வந்த பனைமரத்தில் தொற்றிக்கொண்டு வந்திருக்கும், இல்லையென்றால் நீந்தி வந்திருக்கும் என்றார். இருவரும் இப்போது இல்லை. அந்த வழக்கு தீராமலே கிடக்கிறது.

என் தங்கச்சி மகள் விலங்கியல் முதுகலை படிக்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது இதைச் சொன்னேன். "மாமா, அதை எலியோட ரத்தத்தையே கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்" என்றாள். எலியின் டி.என்.ஏ.வில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வருமாம். மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். ஒரு எலிக்கு அது பன்னிரண்டு முறை வரும், இன்னொன்றுக்குப் பதினைந்து முறை வரும். அந்தக் கணக்கு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இறங்கி வரும். இப்படிப் பத்துப் பதினைந்து இடங்களை எண்ணிப் பார்த்தால் எது எதற்குச் சொந்தம் என்று தெரிந்துவிடுமாம். தாய்வழியை மட்டும் பார்க்க, தாயிடமிருந்து மட்டுமே இறங்கி வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. என்று இன்னொன்று இருக்கிறது.

எனக்கு இது உடனே பிடிபட்டது. பழைய வலை ஒன்றைக் கையில் கொடுத்தால், முடிச்சைப் பார்த்தே இது யார் பொத்தியது, எந்த ஊர்க் கை என்று சொல்லிவிடுவேன். எலிக்குள்ளும் அப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. இரண்டு தீவு எலிகளும் வந்துபோய்க் கலந்துகொண்டிருந்தால் முடிச்சுகள் ஒன்றுபோல இருக்கும். பல தலைமுறை பிரிந்து கிடந்தால் விலகிப்போகும். மனோலி எலி பக்கத்து மனோலிப்புட்டித் தீவு எலியோடு ஒத்துப்போனால் பெரியப்பா சொன்னது சரியாக இருக்கலாம். இடையில் உள்ள தீவையெல்லாம் விட்டுவிட்டுத் தூரத்துத் துறைமுக எலியோடு ஒத்துப்போனால் அது படகில்தான் வந்திருக்கும், அப்பா ஜெயிக்கிறார்.

நியூசிலாந்தில் நடந்த ஒன்றையும் சொன்னாள். ஆராய்ச்சிக்காரர்கள் டி.என்.ஏ. மாதிரி எடுத்து, கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டி, ஒரே ஒரு ஆண் எலியை எலியில்லாத சின்னத் தீவில் விட்டார்கள். பொறி, விஷம் எதற்கும் அகப்படவில்லை. ஒரு நாள் ஆளையே காணோம். 400 மீட்டர் திறந்த கடலை நீந்திக் கடந்து அடுத்த தீவுக்குப் போய்விட்டிருக்கிறது! அங்கே கிடந்த எலிப்புழுக்கையின் டி.என்.ஏ.வைப் பார்த்துத்தான் அதே எலி என்று உறுதி செய்தார்கள். விட்டதிலிருந்து பதினெட்டு வாரம் கழித்து, பென்குயின் இறைச்சி வைத்த பொறியில் விழுந்தது. 2005-ல் நேச்சர் இதழில் வந்த செய்தி இது.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள மணல் தீடைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஆலா என்ற கடற்பறவைகள் கூடு கட்டுவதில்லை, வெறும் மணலில் முட்டையிடுகின்றன. எலி ஒன்று ஏறிவிட்டால் அந்த முட்டைக்கு என்ன காவல்? சரி, விஷம் வைத்துக் கொன்றுவிடலாம் என்றால், அடுத்த வருடம் திரும்ப எலி தென்படும்போது அது தப்பிப் பிழைத்ததா, புதிதாக வந்ததா என்று தெரிய வேண்டாமா? தப்பியது என்றால் விஷம் வைத்ததில் குறை. புதிது என்றால் வந்த வழியை அடைக்க வேண்டும். தென் அட்லாண்டிக் கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவில் பனிப்பாறைகள் எலிக் கூட்டங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதை மரபணுவைப் பார்த்துத் தெரிந்துகொண்டதால், பகுதி பகுதியாக ஒழிக்க முடிந்தது. 2018-ல் அங்கே எலியே இல்லை என்று அறிவித்தார்கள். எதையும் பார்க்காமல் நம் தீவுகளில் விஷத்தைக் கொட்டினால் பறவைகளும் சேர்ந்து சாகக்கூடும்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. ஆய்வு இல்லாமல் பேச்சு வந்தால், மீனவன் படகில்தான் எலி வந்தது என்று பழி எங்கள் தலையில் விழும். உண்மையிலேயே எங்கள் படகில்தான் வருகிறது என்றால் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். வலையை ஏற்றும் முன் உதறிப் பார்ப்பது, படகின் முன்பக்கமான அணியத்தில் பொறி வைப்பது எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

வனத்துறையும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 21 தீவுகளில் தண்ணீருக்கு மேலே இருப்பவை எல்லாவற்றிலும், கூடவே மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தூத்துக்குடி இறங்குதளங்களிலும் எலி மாதிரி எடுக்க வேண்டும். தீவுகளில் இரண்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன, மற்றவையும் அரித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் தள்ளிப்போட வேண்டாம். தீவுக்குள் நாங்கள் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம், வைக்க மாட்டோம். கரையில் உதவலாமே. வால் நுனியை எரிசாராயத்தில் போட்டு, தேதியும் இடமும் எழுதி வைத்தால் போதும் என்கிறாள் தங்கச்சி மகள். எங்கள் வலைக் கொட்டகைப் பொறியில் வாரத்துக்கு இரண்டு எலியாவது விழுகிறது. போன மாதத்திலிருந்து ஒன்றையும் தூக்கிப் போடவில்லை, ஒன்பது குப்பி சேர்ந்திருக்கிறது. யாரிடம் கொடுப்பது என்று மட்டும் தெரியவில்லை. உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
வலை பின்னும் தொழிலாளி,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.