பனிச்சறுக்குச் சுற்றுலா விளம்பரங்கள் சொல்லாமல் விடுபவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்க நெருங்க, நாளிதழ்களின் விளம்பரப் பக்கங்களை ஜப்பானின் ஹொக்கைடோவும் கொரியாவும் நிறைத்துவிடுகின்றன. கேமரன் மலையோடும் லங்காவியோடும் விடுமுறையை முடித்துக்கொண்ட நம் மலேசியக் குடும்பங்கள், பிள்ளைகளுக்குப் பனியைக் காட்ட வேண்டும் என்று ஆண்டு முழுவதும் சேமிப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவ்விளம்பரங்களில் பல, பனிச்சறுக்கை ஆறேழு ஊர்களைச் சுற்றும் பயணத்தில் ஒரு பிற்பகலுக்குள் அடக்கிவிடுகின்றன. அந்த ஒரு பிற்பகலில் எந்தக் குழந்தையும் சறுக்கக் கற்றுக்கொள்ள முடியாது என்பதை விளம்பரம் கொடுப்பவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

என் தங்கை குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. சுற்றுலாப் பேருந்து மலையடிவாரத்தை அடைந்தபோது பிற்பகல் இரண்டு மணி. நாற்பது பேரும் ஒரே வாடகை முகப்பில் வரிசை பிடித்து, படிவம் நிரப்பி, காலணி அளவு பார்த்து, சறுக்குப் பலகைகளைப் பெற்று வெளியே வருவதற்குள் மூன்றரை ஆகிவிட்டது. ஆட்களைச் சரிவின் மேலே ஏற்றும் மலைத்தூக்கிகள் மாலை நான்கு மணியளவில் நிற்கத் தொடங்கின. பிள்ளைகள் கண்ட பனிச்சறுக்கு, அந்தக் கனத்த காலணிகளோடு தட்டுத் தடுமாறி நடந்து, படம் எடுத்துக்கொண்டு, அவற்றைக் கழற்றிக் கொடுத்ததுதான்.

முதல் நாளில் கற்றுக்கொள்வது விழாமல் இருப்பதை அன்று. விழுந்தபின் எழுவதையும், பலகைகளின் முன்நுனிகளை நெருக்கிப் பின்பகுதிகளை விரித்து நிற்பதையுமே. நின்று பழகாத பிள்ளையை மேலே ஏற்றிவிடுவது ஆபத்து. ஆகவே பெரும்பாலான மலைகளில் குழந்தைகளுக்கான வகுப்பு, அசையும் தரைவிரிப்பு போன்ற சிறு ஏற்றக் கருவியும் மிக மென்மையான சரிவும் உள்ள தனி இடத்தில்தான் தொடங்குகிறது. இரண்டாம் நாளில் பலகையைத் திசை திருப்பக் கற்று, மூன்றாம் நாளில் பச்சை நிறக் குறியிட்ட தொடக்கநிலைத் தடத்தில் பெற்றோரோடு இறங்கி வரும்போதுதான் செலவழித்த பணத்துக்குப் பொருள் கிடைக்கிறது. ஒரே மலையில் குறைந்தது மூன்று முழு நாள்கள் தங்க முடியாதென்றால், பனியில் சறுக்குவண்டி விட்டு விளையாடிவிட்டுத் திரும்புவதே மேல். அதற்கு வகுப்பும் வேண்டாம், பலகையும் வேண்டாம்.

வாடகை முகப்பைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். அங்கே தரும் படிவத்தில் உயரம், எடை, வயது, அனுபவம் ஆகியவற்றைக் கேட்பார்கள். காலணியைப் பலகையோடு பிணைக்கும் பிடியின் இறுக்கத்தை அந்த விவரங்களையும் காலணி அடிப்பகுதியின் நீளத்தையும் வைத்தே அமைக்கிறார்கள். விழும்போது பிடி தானாக விடுபட வேண்டும். விடுபடாவிட்டால் முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். எடையைக் குறைத்து எழுதினால் பிடி தேவையில்லாத நேரத்தில் கழன்றுவிடும். 'ஓரளவு சறுக்கத் தெரியும்' என்று பெருமைக்கு எழுதினால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது. நம் அக்காமார்கள் எடையைச் சொல்லக் கூச்சப்படுவதையும், அண்ணன்மார்கள் அனுபவத்தைக் கூட்டிச் சொல்வதையும் அந்த ஒரு படிவத்திலாவது விட்டுவிட வேண்டும். காலணிக்குள் இரண்டு மூன்று காலுறை போட்டால் கதகதப்பாக இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் குளிரும். நீளமான கம்பளிக் காலுறை ஒன்றே போதும்.

உடைக்கும் இதே கவனம் தேவை. நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1978 பிப்ரவரியில் கேமரன் மலையில் பதிவான 7.8 டிகிரி செல்சியஸ்தான். ஜனவரியில் ஹொக்கைடோ மலைகள் உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழே இருப்பது சாதாரணம். உடலை ஒட்டிப் பருத்தி உடை அணிந்தால் வியர்வை அதிலேயே தங்கி, தூக்கியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது நடுக்கம் எடுக்கும். மேலங்கியையும் காற்சட்டையையும் பல இடங்களில் வாடகைக்குத் தருகிறார்கள். கையுறை, கண்ணாடி போன்றவற்றைப் பெரும்பாலும் நாமே வாங்கிச் செல்ல வேண்டியிருக்கும். நூல் கையுறை அரை மணி நேரத்தில் நனைந்துவிடும் என்பதால், நீர் புகாதது தேவை.

எங்கே செல்வது? கோலாலம்பூரிலிருந்து ஹொக்கைடோவின் சப்போரோவுக்கு நேரடி விமானம் உள்ளது; அங்கிருந்து பனிச்சறுக்கு மலையான நிசேகோவுக்குப் பேருந்தில் இரண்டரை, மூன்று மணி நேரம். சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை முகந்துகொண்டு மலையில் மோதுவதால் அங்கே பனி மாவுபோல் உலர்ந்து விழுகிறது. விழுந்தாலும் அடி குறைவு. அங்கு ஆங்கிலம் பேசும் பயிற்சியாளர்களும் கிடைப்பார்கள். தோக்கியோவுக்குச் செல்பவர்கள் புல்லட் ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் காலா யுசாவா என்னும் பனிச்சறுக்குத் தளத்தை அடையலாம். ரயில் நிலையமே மலையடிவாரம். கொரியாவின் யோங்பியோங், 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவின் ஜெஃப்ரி வெப் போட்டியிட்ட மலை. காஷ்மீரின் குல்மார்க்கை விரும்புபவர்கள், அங்குள்ள கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி ஏறக்குறைய 3,980 மீட்டர் உயரம் வரை செல்கிறது என்பதை அறிந்து, இதய நோயுள்ள தாத்தா பாட்டியைக் கீழ்த்தளத்திலேயே இருக்கச் சொல்வது நல்லது.

பள்ளித் தவணை 2026 முதல் மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் நீண்ட விடுமுறை டிசம்பரில் விழுகிறது. டிசம்பர் முற்பாதியில் பல மலைகளில் எல்லாத் தடங்களும் திறந்திருப்பதில்லை. கிறிஸ்துமஸுக்குப் பின் பனி தேறும், விலையும் ஏறும். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மலைகளை நினைப்பவர்கள், நம் ஆண்டு நடு விடுமுறை அங்கே பனிக்காலம் தொடங்குமுன் முடிந்துவிடுவதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

டிசம்பர் பிற்பாதி மார்கழி என்பதால் சைவம் காக்கும் குடும்பங்களுக்கு உணவு பெரிய கேள்வி. ஜப்பானியச் சூப்பிலும் நூடல்ஸ் குழம்பிலும் உலர்த்திய சூரை மீன் அடிப்படையாக இருக்கும். நம் மாசிக் கருவாட்டின் உறவுதான் அது. மலையுணவகங்களில் எங்கும் கிடைக்கும், குழம்பு ஊற்றிய கறிச்சோற்றுக்குக் கரைக்கும் மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருப்பது வழக்கம். மேலே காய்கறி மட்டும் கிடப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சமையலறையுள்ள அடுக்கக விடுதியை எடுத்து, மசாலாத் தூளையும் ஊறுகாயையும் கொண்டுபோவதே எளிது. ஆனால் கோழித் தொக்கு உட்பட இறைச்சி கலந்த எதையும் சான்றிதழின்றி ஜப்பானுக்குள் கொண்டுசெல்லக் கூடாது.

சாதாரணப் பயணக் காப்புறுதிகளில் பல, பனிச்சறுக்கு விபத்தை ஏற்பதில்லை. ஏற்பவையும் வகுத்த தடத்துக்கு வெளியே நேர்ந்த விபத்துக்குப் பொறுப்பேற்பது அரிது. மீட்புக் குழுவின் கட்டணமும் நம் தலையில்தான் விழும். முகவர் 'காப்புறுதி உண்டு' என்று மட்டும் சொன்னால் போதாது, பனிச்சறுக்கை ஏற்கும் வரியை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

எழுத்து என்பதை வலியுறுத்தக் காரணம் உண்டு. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை நாமே தாக்கல் செய்யலாம். ஆனால் 'பனிச்சறுக்கு அனுபவம்' என்று மட்டும் அச்சிட்ட விளம்பரத்தை வைத்துக்கொண்டு, எந்த வாக்கு மீறப்பட்டது என்று அங்கே காட்டுவது கடினம். என் தங்கை புகார் செய்ய எண்ணியபோது அவரைத் தடுத்ததும் அதுவே.

ஆகவே தங்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வகை விளம்பரங்களை ஏற்கும்போது, பனியில் உண்மையாக எத்தனை மணி நேரம், வாடகையும் தூக்கிக் கட்டணமும் அடங்குமா, பயிற்சியாளர் எந்த மொழியில் கற்பிப்பார், காப்புறுதி பனிச்சறுக்கை ஏற்கிறதா ஆகிய விவரங்களையும் சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணையும் விளம்பரத்திலேயே அச்சிடுமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டும் காலம் தொடங்குமுன் இது நடந்தால், இந்த ஆண்டே பல குடும்பங்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்