படம் மாற்றும் செயலி எழுதும் நண்பர்களுக்கு

மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட்டில் டெஸ்க்டாப் செயலி எழுதும் நண்பர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் தெரு பிரவுசிங் சென்டரில் ஒரு தங்கை வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். கையெழுத்து ஜேபெக் கோப்பாக வேண்டும். அவரிடம் இருந்ததோ பின்னணி இல்லாத பிஎன்ஜி. கடைக்காரர் தன் கணினியில் இருந்த ஒரு சின்னச் செயலியில் போட்டு மாற்றினார். வந்தது முழுக் கறுப்புக் கட்டம். கையெழுத்து எங்கே போனது என்று அந்தத் தங்கை திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

அது எங்கும் போகவில்லை. கறுப்பு மையின் மேல் கறுப்புப் பின்னணி விழுந்துவிட்டது, அவ்வளவுதான். ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மைக்கு இடமில்லை. அந்தத் தகவலை உதறிவிட்டுச் சேமித்தால், ஒன்றுமில்லாத இடங்களில் பெரும்பாலும் கறுப்புதான் மிஞ்சும். ஒளிபுகும் தகவல் இல்லாத 24 பிட் பிட்மேப் (வெற்றுப் படம்) ஒன்றைப் புதிதாக உருவாக்கி, வெள்ளை பூசி, அதன்மேல் படத்தை வரைந்து, பிறகு சேமியுங்கள். நாலு வரி வேலை.

அப்புறம் படத்தைக் கோப்பாகச் சேமிக்கும், சிஸ்டம்.டிராயிங் நூலகத்தின் 'சேவ்' கட்டளை. கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால், பின்னொட்டைப் பார்த்து அது வடிவத்தை மாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். மாற்றாது. பிஎன்ஜியாகத் திறந்த படம் 'போட்டோ.ஜேபிஜி' என்ற பெயரிலும் பிஎன்ஜியாகவே இருக்கும். நோட்பேடில் திறந்து பாருங்கள், தொடக்கத்திலேயே பிஎன்ஜி என்ற மூன்றெழுத்து தெரியும். உள்ளடக்கத்தைச் சோதிக்கும் தளம் இந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும், காரணம் யாருக்கும் புரியாது. இமேஜ்ஃபார்மட்.ஜேபெக் என்று இரண்டாவது மதிப்பையும் கொடுத்தாக வேண்டும்.

செல்போன் படங்களையும் கவனியுங்கள். நிமிர்த்தி எடுத்த படத்தில்கூட புள்ளிகள் பல நேரம் படுக்கையாகத்தான் பதிவாகின்றன. எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்பது, படக் கோப்புக்குள்ளேயே கேமரா எழுதிவைக்கும் குறிப்புகளான எக்ஸிஃபில், 274 என்ற எண்ணில் தனியாக இருக்கிறது. புதிய பிட்மேப்பில் வரையும்போது அந்தக் குறிப்பு தொலைந்து, ஆள் படுத்துக்கொள்கிறார். முதலில் அதைப் படித்து, 'ரொட்டேட்ஃபிளிப்' கட்டளையால் படத்தைத் திருப்பிவிட்டு வரையுங்கள்.

இதெல்லாம் தெரியாதது பயனரின் தவறு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 'மாற்று' என்று பொத்தானில் எழுதியவர்கள் நாம். அடுத்த பதிப்பை வெளியிடும் முன் பின்னணியில்லாத கையெழுத்து ஒன்று, செல்போனை நிமிர்த்தி எடுத்த படம் ஒன்று, இரண்டையும் உங்கள் செயலியில் போட்டுப் பாருங்கள்.

அந்தத் தங்கை வெள்ளைத்தாளில் மறுபடி கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து அனுப்பும்போது கடை மூடும் நேரமாகிவிட்டது.

அன்புடன்,
உங்களைப் போல் நிரல் எழுதும் ஒருவன்